ஒரே பொட்டி

ஐரோப்பாவில் யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்த சமயம். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து ஆனேக்கல் பஸ்ஸில் நின்றிருந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும், இருவர் கழுத்திலும் கம்பெனி அட்டை.

“ஜெர்மனிக்காரன் என்ன வேணா பண்ணட்டும். என் சம்பளம் உங்க அண்ணன் பொட்டிக்குப் போகாது” என்றாள் மனைவி.

“அத்தனை நாட்டுக்குமே ஒரே பணம்னு ஆயிடுச்சு. நம்ம ரெண்டு குடும்பமும் ஒரே பொட்டியில போட்டா என்னான்றாரு.”

“சாவி யார்கிட்ட?”

“அண்ணன்கிட்டதான். பெரியவராச்சே.”

“அவர் கடை நல்லா ஓடும்போதும் செலவைக் குறைன்னுவாரு. எனக்கு லே-ஆஃப் விட்டாலும் செலவைக் குறைன்னுவாரு. அவருக்குச் சளி, எனக்குக் காய்ச்சல், ரெண்டுக்கும் அவர் மாத்திரையா?”

“எல்லாரும் சேரும்போது நீ மட்டும் முறுக்கிக்கிட்டா எப்படி?”

“எல்லாரும் எங்க சேர்ந்தாங்க? இங்கிலாந்து மாட்டேன்னுடுச்சுன்னு பேப்பர்ல படிச்சது நீங்கதானே? நான் இங்கிலாந்துன்னு சொல்லிடுங்க.”



“அப்ப நான்?”

“ஆனேக்கல் வர்றதுக்குள்ள முடிவு பண்ணுங்க. ஸ்டாண்டுல உங்க அண்ணன் நிப்பாரு.”