திரைக்கு வெளியே நீண்ட கை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் கூட்டாளி வஸீருடைய பெரியம்மா ஸுஹறாவுக்கு நடந்தது. வெள்ளைக்காரன் காலம்.

பின்னேரம் ஆறு மணி. எருக்கலம்பிட்டி மணல் பாதையில் ஒரு காக்கை குருவி இல்லை. ஊர் அதிகாரியான விதானையார் சரிபுதீனின் சைக்கிள் மட்டும்... கிறீச்... கிறீச்...

அந்தச் சத்தம் கேட்டதும் ஸுஹறா பிள்ளைகளைப் பின்வளவுக்கு விரட்டினாள். விரட்டாமல் பின்னே? மாமனார் மலாயாவில் ரெயிலில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு மாமி மரியத்துக்கு அங்கிருந்து பென்சன் வந்தது. மாமி உயிரோடு இருக்கிறார் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை விதானையார் கைநாட்டு வாங்கி அனுப்ப வேண்டும். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஸுஹறாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தப் பென்சன்தான் சோறு.

மாமியோ கடல் தாண்டிக் கீழக்கரையில் மகளைப் பார்க்கப் போன இடத்தில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகி நாற்பது நாள். கடிதம் வந்தது ஸுஹறாவுக்கு மட்டும்தான். மாமி திரும்பி வந்து நோயில் படுத்திருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்தாள், பாவி!

ஆண்கள் வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்து கையை மட்டும்தான் நீட்டுவார்கள். தன் கையையே நீட்டிவிடலாம் என்று திரைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"லாத்தா, பெருவிரலைத் தாங்கோ. இந்த முறை பழைய கைநாட்டோட ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லி அரசாங்கக் கச்சேரி உத்தரவு" என்றார் விதானையார், மாமியை அக்கா முறை வைத்து.

யா அல்லாஹ்! பிடிபட்டால் சோறு மட்டுமா போகும், மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான். ஸுஹறாவுக்குக் கை எழவில்லை.

திரை அசைந்தது... மௌத்தானவர்களுக்குப் பூசும் கற்பூர வாசம். பிறகு ஈர மண் வாசம்.

"ஆ... அப்பிடித்தான் லாத்தா. கனக்க அழுத்தாதேங்கோ."

ஸுஹறா குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மடியில்தான் கிடந்தன.

விதானையார் கண்ணாடியை மாட்டி நெடுநேரம் பார்த்தார். "ஓம், அதே ரேகைதான். பிள்ளை ஸுஹறா, மாமியிட நகத்துக்குள்ள எல்லாம் மண். கழுவி விடு, என்ன?"

சைக்கிள் போய்விட்டது. ஸுஹறா அழுதாள், தொழுதாள்.

பென்சன் வந்தது. அரிசி வாங்கி உலை வைத்தாள். பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் இருத்திச் சோறு போட்டாள். பசி... அள்ளி அள்ளித் தின்றார்கள்.

திரைக்கு உள்ளே யாரும் இல்லை. ஆனால் திரைக்கு அடியால் ஒரு வெறும் பீங்கான் தட்டு... மெல்ல... அவள் பக்கமாகத் தள்ளப்பட்டது.