மூன்றாவது ஆள்

எனக்கு ஓடிப் பழக்கமில்லை. அன்று ஹட்டன் ஸ்டேஷன் படிகளில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கொழும்பு ரயில் கிளம்ப நான்கு நிமிடம்தான் இருந்தது. தபால் பெட்டியைத் திறந்து பையில் கொட்டிக்கொண்டிருந்தவர் கையிலேயே கடிதத்தைக் கொடுத்தேன். ஆட்சேபம் போய்ச் சேர மறுநாள் கடைசி நாள். ரயில் நகர்ந்ததும் ஒரு பிளேன்டீ குடித்தேன். தேநீர் நன்றாகவே இருந்தது.

விசாரிக்க வந்த நீங்கள் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன் ஐயா.

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவர் முறையீடுகளை விசாரிப்பது என் பொறுப்பு. ஆறு வருடம் பார்த்தேன். ஒரு முறையீடு தீர இரண்டு வழி உண்டு. தொல்லை கொடுத்தவரைப் பிடிக்கலாம். முறையிட்டவரை அனுப்பிவிடலாம். இரண்டாவதில் சத்தம் குறைவு.

ஐம்பத்தேழாம் ஆண்டு தை மாதம் நாகலெட்சுமி வந்து சேர்ந்தாள். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி பழனியாண்டியின் மகள். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த முதல் பெண். சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே இருக்கும்.

“கொழுந்துக் கூடையை எங்கை விட்டிட்டு வந்தனீர்?” என்று யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி கேட்டாள்.

“வாசல்ல வச்சிருக்கேங்க. வேணும்னா எடுத்து மாட்டிக்குங்க,” என்றாள் இவள்.

மேசையே சிரித்துவிட்டது. இதற்கெல்லாம் அவள் என்னிடம் வரவில்லை. மொட்டைக் கடிதங்களுக்காகத்தான் வந்தாள்.

“மூணு வந்துருச்சு சார். லயத்து நாய்க்குப் படிப்பு எதுக்கு, ஓடிப்போன்னு எழுதியிருக்கு. பயமில்ல சார். படிக்கத்தான் முடியல.”

“நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும். நான் பார்க்கிறன்,” என்றேன். என்னை யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

முறைப்படி விசாரித்தேன். விடுதியில் எல்லோரிடமும் கையெழுத்து மாதிரி வாங்கினேன். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தாது. நான் இடது கையால் எழுதினேன்.

கோபத்தில் எழுதியதல்ல. அவள் போய்விட்டால் அவளுக்கும் நிம்மதி, கல்லூரிக்கும் நிம்மதி. ஆனால் அவள் போகவில்லை. நான்காவது கடிதத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். போகும்போது சொன்னாள்:

“ஆவணியில பெத்தவங்க தினத்துக்கு அம்மாவும் வருது சார். ஒங்களப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிது.”

அன்று மாலையே ஆட்சேபத்தை எழுத உட்கார்ந்தேன்.

பழனியாண்டியின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போது விசாரணையில் இருந்தது. அவனுக்குக் கிடைத்தால் மகளுக்கும் உண்டு. கிடைக்காவிட்டால் எங்கள் கல்லூரியில் அவளுக்கு இடமில்லை. ஒரே மூச்சில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டிருந்தவருக்குப் பதிவு கிடையாது. யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். அதே இடது கையால் எழுதினேன்: நாற்பத்தோராம் ஆண்டு பழனியாண்டி இந்தியாவில் துறையூருக்குப் போய்ப் பதினான்கு மாதம் தங்கினான். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் அவன் பேர் விடுபடவில்லை, ஏனென்றால் அவன் பேரில் இன்னொருவன் வேலை செய்தான். பேர் விடுபட்டால் லயத்தில் குடியிருக்கும் அறையான காம்பிராவும் போய்விடும் என்று தோட்டங்களில் அப்படிச் செய்வதுண்டு.

விசாரணையில் பழனியாண்டி பொய் சொல்லவில்லை. “போனது வாஸ்தவந்தாங்க,” என்றானாம். விண்ணப்பம் தள்ளுபடியானது.

ஆடி மாதம் நாகலெட்சுமி தகரப் பெட்டியோடு என் அறைக்கு வந்தாள்.

“கடைசியா ஒண்ணு எழுதிக்குங்க சார்.”

முறையீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

“விசாரணையில ஆட்சேபத்தக் காட்டுனாங்க, அந்த மொட்டைக் கடிதாசிக் கையெழுத்தேதான் சார். அப்பா இந்தியா போனது மூணு பேருக்குத்தான் தெரியும். அப்பா, அம்மா, அப்பா பேருல வேலை செஞ்ச ஆளு. அது எங்க மாமா, அம்மாவோட தம்பி. படிக்கப் போறேன்னு போனவரு திரும்பி வரல. எங்கயாச்சும் நல்லா இருக்கணும்னு அம்மா வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு ஏத்துது.”

“அவர் இப்ப எங்கை எண்டு தெரியுமோ?” என்று கேட்டேன். விசாரிப்பவன் கேட்க வேண்டிய கேள்விதான்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். பேனா மை காயும் அளவுக்குப் பார்த்தாள்.

“செத்துட்டாருன்னு எழுதிக்குங்க சார். அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லப்போறேன்.”

எழுதினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

அந்தப் புத்தகம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அந்த வரியைத் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை “பழனியாண்டி” என்று கூப்பிட்டபோது பதினான்கு மாதமும் கை தூக்கியவன் நான்தான். நாகலெட்சுமியின் அம்மா சண்முகவடிவு என் அக்காள். அவள் பிள்ளைக்கு நான் கெடுதல் நினைப்பேனா?