பெட்டியை இறக்கித் தந்தவர்

– "சரி"ன்னாரு மேடம். வேற ஊர்ல ரெண்டு வருஷம் வேலை, போகட்டுமான்னு நான் கேட்டதுக்கு ஒரே வார்த்தை. அதோட விட்டாரா? ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல கிடந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டி வச்சுட்டாரு.

– அவளுக்கு உதவியா இருக்குமேன்னுதான் மேடம்...

– கேட்டீங்களா? உதவியாம்! கட்டின பொண்டாட்டியை அனுப்பி வைக்கறதுக்கு உதவி!

– சார், பெட்டியை இறக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

– ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம்.

– கவுன்சலிங்குக்கு வந்தும் இதே பாட்டு. வீடு பத்தி எரிஞ்சாலும் ஒண்ணும் பிரச்சினை இல்லம்பாரு.

– ஒரு நிமிஷம்மா, அவர் பேசட்டும். மனசு இருக்கட்டும் சார். உடம்புக்கு என்ன பண்ணுச்சு?

– கை... கை வேர்த்துப்போச்சு. பிடி நிக்கல. பெட்டியைக் கீழ விட்டுட்டேன்.

– அந்தச் சத்தமா? விட்டது சனியன்னு தூக்கிப் போட்டீங்கன்னு நெனச்சேன்.

– சேச்சே!

– நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்தானே சார்? உள்ள யாராவது மாட்டிக்கிட்டா முதல்ல என்ன செய்வீங்க?

– கதவுகிட்ட போய்க் குரல் குடுப்பேன். "நான் இங்கதான் நிக்கறேன், எங்கயும் போகமாட்டேன்"னு. அது காதுல விழுந்தாலே பாதி பயம் போயிடும் மேடம்.

– முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் சொல்றீங்க. எனக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?

– நீ எங்கடி மாட்டிக்கிட்டே? நான்ல மாட்டிக்கிட்டு நிக்கறேன்!

– இதை விட்டுடாதீங்க சார். எதுல மாட்டிக்கிட்டீங்க? எனக்கு வேண்டாம், அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க.

– எங்கம்மா கிளம்பினப்போ அப்பா வாசலை மறிச்சுக்கிட்டு நின்னாரு. "போகாதே, போகாதே"ன்னு தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தினாரு. அம்மா போனவங்க போனவங்கதான். தடுத்தா ஒரேயடியா போயிடுவாங்கன்னு மனசுல விழுந்துடுச்சு. அதான் நீ எதைக் கேட்டாலும் சரி, சரின்னே...

– இதை ஏங்க எங்கிட்ட சொல்லவே இல்ல?

– இப்ப கேட்கிறாங்களே சார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கு போலிருக்கே.

– போகாதே. நீ இல்லாத வீட்டைத் திறக்க எனக்குத் தைரியம் இல்ல.

– அப்பாடா!

– என்ன, அழறியா?

– சிரிக்கறேன். கண்ணு அது பாட்டுக்கு ஊத்துது. உங்க கைக்குட்டையைக் குடுங்க.

– அப்ப போகலதானே?

– போகத்தாங்க போறேன். திரும்பி வரக் கூடாதுன்னுதான் கிளம்பிக்கிட்டிருந்தேன், இனிமே சனிக்கிழமை ஆனா வந்து நிப்பேன்.