ஒரு குவளைப் பாகு

அடுப்பனலில் முகம் கருத்தும் அகம் கருக்காத தலைவர் அண்ணன் அவர்களே! இரவுப் பணி முடித்து, மூடாத கண்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! தலையில் மாவு படிந்த என் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. நாளைக் காலை நம் பிஸ்கட் ஆலை நிர்வாகம் என் அண்ணியை விசாரணைக்கு அழைத்திருக்கிறது. என்ன குற்றம்? திருட்டு! எதைத் திருடினார்? ஒரு குவளைச் சர்க்கரைப் பாகு!

சிரிக்காதே தம்பி. அந்தக் குவளை இல்லையென்றால் இன்று இது இரங்கல் கூட்டம்.

அண்ணிக்குப் பல வருடச் சர்க்கரை நோய். ஊசி போடு, சாப்பிடு, வேலையைப் பார். இதுதானே நமக்குத் தெரிந்தது? ஆனால் நாள்பட்ட சர்க்கரை சிலருக்கு இரைப்பை நரம்பையே கெடுத்துவிடுகிறது. சாப்பாடு கீழே இறங்காமல் கிடக்கிறது. மருந்து காத்திருக்குமா? காத்திருக்காது! உணவு இரத்தத்தில் சேருமுன் மருந்து வேலையைத் தொடங்கும், சர்க்கரை சரியும். மருந்து ஓய்ந்தபின் உணவு மெல்ல இறங்கும், சர்க்கரை ஏறும். மாலையில் சோதித்த மருத்துவர் அந்த ஏற்றத்தை மட்டும் பார்த்தார், மருந்தைக் கூட்டினார். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. வெளியே அவ்வளவு கூட்டம்.

அன்று உணவு இடைவேளை முடிந்து, பிஸ்கட் அடைக்கும் பெல்ட் முன்னால் அண்ணி நின்றார். பக்கத்தில், நாம் 'சங்கு' என்று கூப்பிடும் அக்கா.

"என்னடி, கை தாளம் போடுது?"

"சங்கு, கண்ணு இருட்டுதுடி. சக்கர எறங்குது."

"இப்பதானடி வயிறு முட்ட தின்ன?"

"தின்னது நெஞ்சுலயே நிக்குது."

சங்கு அக்கா ஒரு பிஸ்கட்டை எடுத்தார். மேற்பார்வையாளர் கத்தினார்: "வாயில வைக்காத! மேல கேமரா இருக்கு. வேலை போயிரும்!"

"போனா போகுது சார். இவ போயிட்டா, இவ புள்ளைக்கு நீயா அம்மா?"

சொல்லிவிட்டு அண்ணியின் வாயில் வைத்தார். ஆனால் அந்தப் பிஸ்கட்டும் அதே வயிற்றில் போய்ப் படுத்துக்கொண்டது! நடுக்கம் நிற்கவில்லை. அக்கா பாகு காய்ச்சும் பகுதிக்கு ஓடினார், ஆறிய பாகில் தண்ணீர் கலந்து கொண்டுவந்தார். கட்டியாகத் தின்றது நின்றாலும் நீராகக் குடித்தது இறங்குமல்லவா? நினைவிருந்ததால் அண்ணியே வாங்கிக் குடித்தார், பிழைத்தார். இருவர் மீதும் திருட்டுப் பழி, இருவருக்கும் நாளை விசாரணை!

யாரது பின்னால்? மருத்துவச் சீட்டைக் காட்டலாமே என்கிறீர்களா? காட்டினோம் ஐயா! வேறொரு மருத்துவர் வயிற்றைச் சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? "நோயாளின்னா வீட்டுல கெடக்கச் சொல்லு."

மலைமலையாகப் பிஸ்கட் செய்கிறவளுக்கு ஒரு வாய் தின்ன உரிமையில்லையா? ஊரெல்லாம் இனிக்க உழைக்கிறவள் உயிருக்கு ஒரு குவளை இனிப்பு குற்றமா?

தாய்மார்களே, நேற்று அண்ணி ஊசியே போடவில்லை. ஏன் என்றேன். "மயங்கி விழுந்தா வேலை போயிடும் தம்பி. சக்கர ஏறுனா யாருக்கும் தெரியாதுல்ல?" என்றார். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. உங்களில் எத்தனை பேர் இப்படி இருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். பயம் எனக்குத் தெரியும். ஆனால் மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள், கூட்டாதீர்கள். வயிறு மந்தமென்றால் மருத்துவர் கேட்காவிட்டாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்!

நம் சீருடையில் பை இல்லை. பிஸ்கட்டை ஒளித்துக்கொள்வோமாம்! சரி, நாம் ஒளிக்க வேண்டாம். நாளைக் காலை ஒவ்வொருவரும் கையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை எல்லோருக்கும் தெரிய ஏந்தி வாசலுக்கு வருவோம். பறிக்கட்டும் பார்ப்போம், ஆயிரம் கைகளிலிருந்தும்! அண்ணியும் சங்கு அக்காவும் அந்த விசாரணை அறைக்குள் தனியாகப் போகக் கூடாது.

இன்னும் பேசலாம். ஆனால் அண்ணியை இப்போதே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். வரமாட்டேன் என்பார், இழுத்துக்கொண்டு போவேன். கால்கடுக்க நின்று கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. காலையில் வந்துவிடுங்கள். வணக்கம்.