மேச்சேரி ரோட்டில் கொள்ளு

கொள்ளு லேசில் உதிராது. தடியால் அடித்தால் ஒரு நாள் வேலை. அதனால் மேச்சேரிப் பக்கத்தில் காய்ந்த செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து உதிர்த்துவிடும். நீங்களும் அந்த வழியாக ஜீப்பில் போயிருப்பீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அப்போதெல்லாம் யார் மேலும் வழக்குப் போட்டதில்லை.

ரோட்டில் கொள்ளு பரப்பிய சின்னாயி மேல் போட்டிருக்கும் வழக்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓமலூரிலிருந்து மேச்சேரி வரை. சில நிமிஷ இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும். ஆளுக்கு இரண்டு ஓட்டம். எதில் நேரம் குறைவோ அதுதான் கணக்கு. ஜெயிப்பவனை மெட்ராஸ் கம்பெனி ஒன்று சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். சோழவரம் பந்தயத்தில் அவர்களுடைய வண்டியை ஓட்டலாம். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அடுத்தவன் வண்டியைக் கழுவுகிறவன். வயது முப்பத்திரண்டு. இன்னொரு வாய்ப்பு வராது.

முதல் ஓட்டத்தில் நான்தான் முன்னால். அடுத்தது மிக்கேல். ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள், சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து சிநேகம். இரண்டாவது ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கும்போது சீண்டினான்.

"அற்புதராஜு, வளைவுல நீ கிளட்ச் பிடிக்கறதைப் பார்த்தா பால் கறக்கற மாதிரியே இருக்குடா. எருமை உதைச்சிரப் போவுது."

"உன்னை மாதிரி கண்ணை மூடிக்கிட்டுப் போகச் சொல்றியா?"

"காலையிலயே ரோட்டைக் கூட்டி வச்சிருக்காங்க. கண்ணு எதுக்கு?"

பந்தயக்காரன் என்றால் துணிச்சல்காரன் என்று வெளியில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்த வளைவில் விழுந்தால் என்ன போகும், விழாவிட்டால் என்ன கிடைக்கும் என்று நிறுத்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். ரோடு சுத்தம் என்று நம்பிவிட்டால் மிக்கேல் எதையும் நிறுக்க மாட்டான்.

எனக்குப் பின்னால் அவன் ஒருவன்தான் பாக்கி. மேச்சேரிக்கு முன்னால் ஒரு வளைவைத் தாண்டியதும் என் வண்டியின் பிளக் அடைத்து நின்றுவிட்டது. ரோட்டோரம் தள்ளி நிறுத்தினேன். என் முதல் ஓட்டத்தின் நேரம் கணக்கில் இருந்தது. ஆனால் மிக்கேலின் எஞ்சின் அன்று எப்படிப் பாடியது என்று எனக்குத் தெரியும்.

சின்னாயி வயலோரத்தில் கொள்ளுக்கட்டுகளோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சாமி, வண்டியெல்லாம் போயிருச்சுங்களா? வெயில் இருக்கறப்பவே பரப்பிப்போட்டா சாயங்கால பஸ்ஸுக்கு ஆவுமுங்க."

"போயிருச்சுங்க அம்மா. நான்தான் கடைசி. போட்டுக்கங்க."

நான் சொன்னது அவ்வளவுதான். அவளே பரப்பினாள். உதவிக்கு நான் ஒரு கட்டுக்கூடத் தூக்கவில்லை.

செடியைப் பார்த்ததும் மிக்கேல் வேகத்தைக் குறைப்பான், கொஞ்சம் நேரம் போகும், என் நேரம் நிற்கும். இப்படித்தான் நினைத்தேன். அவன் நன்றாக ஓட்டத் தெரிந்தவன். அவனுக்கு இருபது வயதில் ஒரு தங்கை இருக்கிறாள், ரோசி. அவனை அடக்கம் செய்த அன்று அவள் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.

நேற்று இந்த ஸ்டேஷன் வாசலில் சின்னாயியைப் பார்த்தேன். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவசரத்துல எண்ணிக்கை தப்பிப்போச்சு உங்களுக்கு. சிநேகிதனைப் பறிகொடுத்துட்டு நிக்கறீங்க. உங்களையும் எதுக்குங்க இழுக்கோணும்?"

அதனால்தான் இன்று வந்தேன். எண்ணிக்கை தப்பவில்லை, ஐயா. அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் அன்றைக்கே ஒன்று கேட்டீர்கள். மிக்கேலின் வண்டி வழுக்கி, ரோட்டோரத்தையெல்லாம் வாரிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியிருக்கிறது. அதே ஓரத்தில் நின்ற என் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி என்று.  பதிலை இப்போது எழுதிக்கொள்ளுங்கள். தூரத்தில் அவன் சத்தம் கேட்டதும், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சின்னாயியை வயலுக்குள் அனுப்பினேன். என் வண்டியை ரோட்டோரத்திலிருந்து தள்ளிக்கொண்டு போய் அந்தப் புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். நானும் அங்கேயே நின்றுகொண்டேன்.

அவன் வேகத்தைக் குறைப்பான் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.