வென்ட் ஆஃப் என்று நான் சொன்னது

என் பெயரும் விலாசமும் முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது நாற்பத்தொன்று. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் மடிப்புப் பிரிவில் வேலை. ஆலையில் நடந்த தீ விபத்து பற்றி ஏற்கெனவே ஆங்கிலத்தில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு விஷயம் நான் சொல்ல நினைத்ததற்கு நேர்மாறாகப் பதிவாகியிருப்பதால் இப்போது தமிழில் சொல்கிறேன்.

என் கணவரின் தங்கை உலர்த்தும் அறையில் வேலை பார்த்தாள். மடிப்பு மேஜையில் நின்றால் அந்த அறையின் கதவும், அதற்கு மேலே இருக்கும் தீ அலாரமும் தெரியும். அலாரத்தில் எப்போதும் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும். சம்பவத்தன்று காலை அது அணைந்துவிட்டதைப் பார்த்து சூப்பர்வைசரிடம் சொன்னேன். "பல்பு போயிருக்கும், நீ துணியைப் பாரு" என்றார். நான் துணியைப் பார்த்தேன்.

அதன் பிறகு மதியத்துக்குள் அந்தக் கதவின் இடுக்கிலிருந்து புகை வந்தது. அலாரத்திலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. நான் கத்தியதில்தான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள். உள்ளே மெஷின்களின் இரைச்சலில் என் நாத்தனாருக்கு எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்தபோது அவளுடைய இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்திருந்தன. கையில் இருந்த ஈரப் போர்வையை அவள் அப்போதும் விடவில்லை.

அன்றைக்கே விசாரணை அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பவர் மறுநாள்தான் வருவார் என்றார்கள். எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரம். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறேன், ஆலையில் என்னை இங்கிலீஷ்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்கே தெரியும் என்றேன். அவர், "டிட் தி அலாரம் கோ ஆஃப்?" என்று கேட்டார். ஃபேன் ஆஃப், லைட் ஆஃப் என்றால் எங்கள் வீட்டில் நின்றுபோச்சு, அணைந்துபோச்சு என்ற ஒரே அர்த்தம்தான். "யெஸ் சார், இட் வென்ட் ஆஃப். ஐ டோல்ட் சூப்பர்வைசர்" என்று உறுதியாகச் சொன்னேன். எழுதியதைத் திரும்பப் படித்தார். நான் சொன்ன அதே வார்த்தைகள்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என் இங்கிலீஷ் நன்றாக இருப்பதாகப் பாராட்டி, முன் அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார். அதை நல்ல சேதியாக வீட்டில் சொன்னேன்.

அதன் பிறகு ஒருநாள் சாயங்காலம் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்பே மேனேஜர் வந்து போயிருக்கிறார். என் நாத்தனார் சொன்னது:

"அலாரம் அடிச்சும் நான்தான் வெளிய வரலையாம். தப்பு என் மேலதானாம், இனிமே வேலைக்கு வர வேண்டாமாம். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களாம். அலாரம் அடிச்சுதா அண்ணி?"

"அடிக்கவே இல்லையேடி. அதைத்தானே சொன்னேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு வகுப்பு வாத்தியார் வீட்டுக்குப் போய், நான் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அலாரம் வென்ட் ஆஃப்னா அடிச்சுதுன்னு அர்த்தம்மா."

"அப்போ லைட் வென்ட் ஆஃப்னா?"

"அணைஞ்சுபோச்சுன்னு."

"பால்?"

"கெட்டுப்போச்சு. வெடிகுண்டுன்னா வெடிச்சிடுச்சு."

"ஒரே வார்த்தை சார். லைட்டுக்குச் சொன்னா அணையுது, அலாரத்துக்குச் சொன்னா அலறுதா? இதை யாரு சார் உக்காந்து யோசிச்சாங்க?"

"யாரும் யோசிக்கலைம்மா. அதான் பிரச்சினை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய மனைவி டீ கொண்டுவந்தார். குடிக்க முடியவில்லை.

அதன் பிறகு மூன்று முறை இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். முதல் முறை, "சொந்தக்காரிக்காக மாத்திச் சொல்றியா? பொய் வாக்குமூலம்னா உன் மேலயே கேஸ் வரும்" என்றார்கள். "முன்னாடி சொன்னதைத்தான் சார் இப்பவும் சொல்றேன், மொழிதான் மாறுது" என்றேன். அடுத்த முறை உட்காரச் சொன்னார்கள், யாரும் கூப்பிடவில்லை. இடையில் ஆலையில் விஷயம் தெரிந்து, என்னை நாற்காலியிலிருந்து மடிப்பு மேஜைக்கே அனுப்பிவிட்டார்கள். நின்று பழகிய கால்தான், இப்போது வலிக்கிறது. முந்தாநாள் ஆலை எலக்ட்ரீஷியன் தானாகவே வந்து, சம்பவத்துக்கு முந்தைய நாள் அந்த அலாரத்தின் வயரை மேனேஜர் சொல்லித்தான் கழற்றியதாகச் சொல்லியிருப்பதாக இங்கே தெரிவித்தார்கள். அதன் பிறகுதான் இந்த மூன்றாவது முறை நீங்களே என்னைக் கூப்பிட்டீர்கள்.

என் நாத்தனார் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு கையிலும் கட்டு இருப்பதால் நான்தான் ஊட்டுகிறேன். வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

மேலே உள்ளதெல்லாம் நான் தமிழில் சொல்லி, தமிழில் எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அலாரம் அடிக்கவில்லை என்பதை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். சரியாக இருக்கிறது. எல்லாம் உண்மை.

(கையொப்பம்)