அவள் கேட்காத மீதி

நல்ல பேட்டிக்கு முதலில் வேண்டியது நல்ல பிஸ்கட். மட்டமான பிஸ்கட்டை வைத்தால் மட்டமான பதில்தான் வரும். எந்த ஆய்வு நூலிலும் இது இல்லை. அதையெல்லாம் எழுதுகிறவர்கள் வீடற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியவர்கள் இல்லை, இன்ஸ்பெக்டர்.

அந்தக் காப்பகத்தில் என் வேலை எளிது. தெருவில் கிடந்து வந்த பிள்ளைகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கும் நடுவே உறவு எப்படி வளர்கிறது என்று தனித்தனியாகப் பேட்டி எடுத்துப் பதிவு செய்வது. எல்லோரும் ஒன்றையே ஓதினார்கள். நம்பிக்கை, பாசம், மறுபடி நம்பிக்கை. கிளிப்பிள்ளைகள் தேவலை. புதிதாக எதுவும் வராவிட்டால் பேட்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் துறை வழக்கம். நிறுத்தியிருந்தால் என் ஆய்வைப் படிப்பவர் கொட்டாவி விட்டிருப்பார். உறவு அறுந்தால்தானே அது எதனால் கட்டப்பட்டிருந்தது என்று தெரியும்?

ஊழியர்களில் ஒருத்தியை எல்லோரும் அக்கா என்பார்கள். படிப்பு கொஞ்சம், கண்ணீர் நிறைய. 'வாலு' என்று ஒரு பெண், பதினேழு வயது, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். களைத்துப் போயிருந்த ஒரு நாள் அக்கா தன் பேட்டியில் சொன்னாள்: "அக்கா அக்கான்னு பின்னாலயே சுத்துறா சார். சில நாள் எரிச்சலா வருது. எங்கயாவது போய்த் தொலைஞ்சா நிம்மதியா இருக்கும்னு தோணுது."

வாலுவை அழைத்து அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். யார் குரல் என்று சொல்லவில்லை. இரகசியம் காப்பதில் நான் கறார்.

"இதக் கேட்டா உனக்கு என்ன தோணுது?" என்று மட்டும் கேட்டேன்.

பாதி தின்ற பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். "ஒண்ணும் தோணல சார்."

எதற்கும் உதவாத பதில். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அன்று மாலை மழை. அவள் காப்பகத்துக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை சரக்குக் கிடங்கில் லாரியைப் பின்னுக்கு எடுத்தபோது, அதற்கு அடியில் ஒதுங்கித் தூங்கி நசுங்கிப்போனது அவள்தான் என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். லாரியை ஓட்டியவன் நானில்லை.

அக்கா பேசிய பதிவின் மீதியைக் கேட்டீர்கள். போடுகிறேன். "ஆனா அவ வந்து சேர்ற வரைக்கும் கதவச் சாத்த மனசு வராது சார். எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான்."

ஆமாம், இதற்கு முன்னால் நிறுத்தியது நான்தான். தெரிந்தேதான் நிறுத்தினேன். இதையும் சேர்த்துப் போட்டிருந்தால் மறுபடி அதே பாசம், அதே கொட்டாவி.

அடக்கம் முடிந்து அக்கா நேரே என் அறைக்கு வந்தாள். "அவ ஏன் சார் போனா? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்றாள். அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை அப்படி மனம் திறந்து பேசியதில்லை. ஈவிரக்கம் இல்லாதவன் என்று என்னைப் பற்றி எழுதிவிடாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அனுமதி கேட்டுவிட்டுத்தான் பதிவை ஆரம்பித்தேன்.